துரு எடுக்கும் பொடி

தங்கை கணவன் ஜெயக்குமாரைச் சாராள் ஒருநாளும் மதித்ததில்லை. ஆனாலும் ஒருமுறை அவன் பேச்சைக் கேட்டாள். அதற்காகத் தன்னையே இன்னும் அவள் மன்னிக்கவில்லை.

மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. சிறுநீரகம் இரண்டும் போய் நான்கு வருஷம். வாரம் மூன்று நாள் செங்கல்பட்டில் டயாலிசிஸ். அதற்கென்று இடது முன்கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அங்கே விரல் வைத்தால் விர்ரென்று அதிரும். அதிர்ந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம்.

ஜெயக்குமார் மனை விற்றான், காப்பீடு விற்றான், எதைப் பற்றியும் எதுவும் தெரியாமலே விற்றான். கடைசியாக ஒரு ஊதா டப்பாவோடு, கொளுத்தும் வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்தான்.

"ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் கேள்விப்பட்டுகீறீங்களா அக்கா? உள்ள ரத்தக்குழா துரு புடிச்சிகினு கீது. இந்தப் பொடி எடுத்துரும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுக்கு, வயித்தக் கெடுத்துகினு?"

மாத்திரை வயிற்றைப் புரட்டியது உண்மை. சாராள் அதை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறினாள்.

பதினெட்டாம் நாள் படுக்கை விரிப்பு மடிக்கும்போது கையைத் தொட்டுப் பார்த்தாள். அதிர்வே இல்லை. போட்டது போட்டபடி செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

டாக்டர் ரோகிணி அன்றே உறைகட்டியை எடுத்தார். பொடிக் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவர் சொன்ன ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் நிஜம்தான்மா. கிட்னி போனவங்களுக்கு அதனால குழாயோட உள்சுவர் புண்ணாகும், ரத்தம் உறையும். ஆனா பொடியில அது சரியாகும்னு யாரும் நிரூபிக்கல. மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?"



மறுநாள் ஜெயக்குமார் வார்டுக்கு இளநீரோடு வந்தான். பொட்டாசியம் நிறைந்த அது டயாலிசிஸ்காரர்களுக்கு விஷம் என்று தரை துடைக்கிற அம்மாவுக்குக்கூடத் தெரியும்.

"நீங்க கோர்ஸ முடிக்கல அக்கா, அதான்."

அதுவரை அவனை 'வாங்க, போங்க' என்றே பேசிவந்தவள் சொன்னாள்: "இன்னாடா சொன்ன?"

பக்கத்துக் கட்டில் நரசிம்மன் அவசரமாகத் தலையணைக்கு அடியில் எதையோ தள்ளினார். அதே ஊதா டப்பா. சாராள் கட்டுப்போட்ட கையோடு இறங்கிக் கட்டில் கட்டிலாகக் கேட்டாள். நான்கு டப்பா கிடைத்தது. எல்லாவற்றையும் டாக்டர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

"சாம்பிள்தான் குட்தேன்" என்று முனகிக்கொண்டே அவன் நழுவினான். காவலாளிகள் அதன்பிறகு அவனை உள்ளே விடவில்லை. தங்கை மூன்று மாதம் பேசவில்லை. இடது முன்கைக் குழாய் எட்டு மாதம்தான் தாங்கியது. இப்போது மேல்கையில் புதிதாகத் தைத்திருக்கிறார்கள்.

போன வாரம் திருக்கழுக்குன்றம் பஸ் நிலையத்தில் ஜெயக்குமார் எதிரே வந்து, "நல்லா கீறீங்களா அக்கா?" என்றான். சாராள் அவன் தலைக்கு மேலாகப் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு ஏறிக்கொண்டாள்.