மச்சான் கிணற்றுக்குப் போன தண்ணீர்

அன்றைக்கு என் கிணற்று மேட்டில் இருந்தது ஐந்து பேர்: நான், என் சம்சாரம், அடுத்த தோட்டத்து மச்சான், நிலத்தடி நீர் அளக்க வந்த இன்ஜினியர் அம்மா, அவர்களுடைய ஜீப் டிரைவர். டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். இருந்தாலும் சேர்த்துக்கொள்கிறேன், சாட்சிக்கு ஆகும்.

ஆற்றோரக் கிணறுகளில் எவ்வளவு இறைத்தால் ஆறும் கிணறும் வற்றாது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடப் போகிறார்கள் என ஒரு வாரம் முன்பே ஊரில் சொல்லிவிட்டார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். கம்ப்யூட்டரில் ஏறினது அழியாது என்று நினைத்திருந்தேன். தண்ணீர் கீழே கிடந்தால், ரொம்ப உறிஞ்சுகிறான் என்று மோட்டாருக்குக் கரண்டை வெட்டிவிட்டால்? வாழை குலை தள்ளுகிற நேரம். அதனால் நான்கு நாள் மோட்டாரே போடவில்லை. கிணறு தளும்பியது, வாழை இலை தொங்கியது.

மச்சான் யோசனை வேறு. கிணறு வற்றிக் கிடந்தால் ஆழப்படுத்த லோன் கிடைக்கும் என்று, அதே நான்கு நாளும் கரண்டு வந்த நேரமெல்லாம் இறைத்துத் தள்ளியிருக்கிறார். எனக்குத் தெரியாது.

இன்ஜினியர் அம்மா இரண்டு கிணற்றிலும் டேப்பை விட்டு அளந்து லேப்டாப்பில் தட்டினார்கள். நீல அம்புகள் ஆற்றில் கிளம்பி, என் தோட்டத்துக்கு அடியில் நுழைந்து, வரிசையாக மச்சான் கிணற்றில் போய் விழுந்தன.

“உங்க பக்கத்துத் தண்ணியெல்லாம் இவர் கிணத்துக்குத்தான் போகுது.”

என் சம்சாரம் என்னைப் பார்த்தாள். “நாலு நாளா நம்ம வாழையக் காயப்போட்டு அண்ணனுக்குத் தண்ணி பாய்ச்சியிருக்கீக.”

இன்ஜினியர் அம்மா நிமிர்ந்தார்கள். “நாலு நாளா மோட்டார் போடலையா?”

நான் செருப்பைப் பார்த்தேன்.

“நீங்க?”

மச்சான் வானத்தைப் பார்த்தார். “மழை வரும்போல.”

அந்த அம்மா ஒரே தட்டில் எல்லா அம்பையும் அழித்தார்கள். “எப்பவும்போல ஓட்டுங்க. பத்து நாள் கழிச்சு வர்றேன்.”

இதுவும் அழியும் என்றால் இனி எதை நம்புவது என்று அன்றைக்குப் புதுக் கவலை.

பத்து நாள் கழித்து அம்புகள் இரண்டு கிணற்றுக்கும் பிரிந்து போயின. இருவரும் ஒரே நாளில் இறைக்காமல் நாள் மாற்றி இறைத்தால் போதும், கரண்டை யாரும் வெட்டமாட்டார்கள் என்றார்கள். வாழை பிழைத்தது.

அப்புறம்தான் எனக்குக் கணக்கு ஓடியது. எங்கள் பக்கம் தண்ணீர் விற்றால் மணிக்கு இருபது ரூபாய். மச்சான் ஓட்டியது முப்பத்திரண்டு மணி நேரம், அவர் வாயாலேயே சொன்னது. அறுநூற்று நாற்பது ரூபாயை மச்சானிடம் கேட்டேன்.

“அந்தக் கணக்கத்தான் அந்தம்மா அழிச்சிட்டாகளே, மாப்ள.”

“டிரைவர் சாட்சி இருக்காரு.”

“அவரு எங்க முழிச்சிருந்தாரு?”

ஒரு நாள் டீக்கடையில் என் டீக்கு மூன்று ரூபாய் கொடுத்தார். அதைக் கழித்தால் பாக்கி அறுநூற்று முப்பத்தேழு ரூபாய்.