கானாவுக்குக் கிளம்புமுன் நான் குடித்த பானகம்

எனக்கு வயது அறுபத்தேழு. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். நாலு நான் பெற்றது. ஐந்தாவது தேன்மொழி, என் ஓரகத்தி (கொழுந்தன் மனைவி) பெற்றது. பெற்ற அன்றே அவள் போய்விட்டாள். இரத்தப்போக்கு நிற்கவில்லை. துணி சுற்றிய பிள்ளையை என் கையில் கொடுத்தார்கள்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் எனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி நிலா எழுதுகிறாள். மகளின் பேறுகாலத்துக்கு வெளிநாடு கிளம்பும் அம்மாக்கள் இதைப் படிக்க வேண்டும்.

தேன்மொழி இருப்பது ஆப்பிரிக்காவில், கானா நாட்டில். மருமகன் அங்கே தங்கச் சுரங்கத்தில் மெக்கானிக். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துத்தான் உண்டானாள். ஆரம்பத்திலேயே இரத்தம் பட்டதால் விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் வர முடியாது, அதனால் நான் போக வேண்டும். அவளைப் பெற்றவளுக்கு நடந்தது எனக்குத்தான் தெரியும். அவள் பிள்ளை பெறும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு.

அந்த நாட்டுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் (கொசு கடித்துப் பரவி ஈரலைத் தாக்கும் நோய்) தடுப்பூசி போட்ட அட்டை வேண்டும். அது எல்லா ஊரிலும் போடுவதில்லை. மகன் ஷிப்டுக்கு லீவு போட்டு என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போனான்.

அங்கே இருந்த டாக்டர் அவசரப்படவில்லை. இது வலுவைக் குறைத்த உயிருள்ள கிருமியை உடம்பில் செலுத்தும் ஊசி. அறுபது தாண்டியவர்களுக்கு அபூர்வமாகப் பெரிய தொந்தரவு வரலாம், போவது அவசியம்தானா என்று இரண்டு முறை கேட்டார்.

"முட்டை சாப்பிட்டா ஒத்துக்குமாம்மா?" என்றார். முட்டை ஒவ்வாதவர்களுக்கு இதைப் போட மாட்டார்களாம்.

"முட்டை என்னங்க, கோழியே ஒத்துக்கும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே போட்டார். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் போடச் சொன்னார். பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும் என்றார். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. எங்கள் ஊர் வடக்குத்துக்குத் திரும்பி வந்ததும் பெட்டியைக் கட்டினேன், பிரித்தேன், மறுபடி கட்டினேன். பண்ருட்டி முந்திரி, சுக்கு, பழம்புடவைத் துணி. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தபடியே இருந்தேன்.

சில நாளில் காய்ச்சல் வந்தது. கண் எரிந்தது, முதுகு கடுத்தது.

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். என் சிறு வயதில் வீடு வீடாக அம்மை குத்த வருவார்கள். இடது கையில் இரண்டு தழும்பு இன்னும் இருக்கிறது. குத்தினபின் காய்ச்சல் கண்டால் என் அம்மா வாசலில் வேப்பிலை செருகுவாள். வீட்டில் தாளிப்பு கிடையாது. மருந்து கிடையவே கிடையாது. இளநீரும் பானகமும் (வெல்லம் கரைத்த நீர்) மட்டும்தான். குத்தினது எந்த நோய்க்கானால் என்ன, ஆத்தா வந்தால் ஆத்தாதான் என்று வேப்பிலையைச் செருகினேன். பாரசிட்டமாலோடு, சர்க்கரை நோய்க்குத் தினமும் போடும் மாத்திரையையும் நிறுத்தினேன்.

நிலாவின் அம்மா, என் மருமகள் செல்வி, மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றாள். "அத்த, இது ஊசிக் காய்ச்சல். சுகர் மாத்திரையாவது போட்டுக்கங்க."

"ஆத்தா வந்துகினு இருக்கா. உங்கம்மா வூட்டுல சாமி வந்தா மாத்திரை நீட்டுவீங்களா?"

"எங்கம்மா வூட்டுல சாமிக்குச் சுகர் இல்ல அத்த."

"வாய் மட்டும் இல்லன்னா உன்ன நாய் தூக்கினு போயிடும், போடி."

காய்ச்சல் மறுநாளே விட்டது. ஆத்தா இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை மாத்திரை தொடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஆனால் தாகம் அடங்கவில்லை. பானகம் குடித்தேன். குடிக்கக் குடிக்க நாக்கு ஒட்டியது. நிமிடத்துக்கு ஒருதரம் ஒன்றுக்கு வந்தது. கொல்லைப் படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். செல்வி ஓடிவந்து தூக்கியது தெரியும். ஆட்டோவில் அவள் மடியில் என் தலை கிடந்ததும் தெரியும். மற்றது தெரியாது.

மகன் வேலை பார்க்கும் கம்பெனியின் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தார்கள். மிஷினில் எண்ணே வரவில்லை. அளவுக்கு மேல் என்றுதான் காட்டியதாம். இன்சுலின், சலைன் ஏற்றினார்கள். ஊசியால் ஈரலுக்கு ஏதாவது ஆனதா என்று இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரல் நன்றாக இருந்தது. ஊசி ஒன்றும் செய்யவில்லை.

நான் தெளிந்ததும் லேடி டாக்டர் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். "ஏம்மா மாத்திரைய நிறுத்துனீங்க?"

"ஆத்தா எறங்கட்டும்னு நிறுத்தி வச்சேன்."

திட்டுவார் என்று பார்த்தேன். "ஆத்தாவுக்கு மாத்திரை மேல கோவம் இல்லைங்கம்மா. எனக்குத்தான் அந்த வெல்லத்து மேல கோவம்" என்றார்.

விமானம் நான் இல்லாமல் போனது. வார்டில் கை ஒன்று சலைனில் கட்டுண்டு கிடக்க, கால் இரண்டும் போர்வைக்குள் நடந்துகொண்டே இருந்தன. தேன்மொழிக்குக் குறித்த நாளுக்கு முன்னமே வலி கண்டுவிட்டது என்று மகன் வந்து சொன்னான். ஓரகத்தியின் கட்டிலுக்குக் கீழே அன்று நனைந்துகிடந்த துணிதான் கண்ணில் நின்றது. எழுந்து போக வழியில்லை.

மறுநாள் செல்வி போனை என் காதில் வைத்தாள். தேன்மொழி முதலில் பிள்ளையைப் பற்றிப் பேசவில்லை.

"அம்மா, பயப்படாத. நான் உசுரோடதான் இருக்கேன்."

அதன்பிறகுதான் ஆபரேஷன் என்றாள், பெண் குழந்தை என்றாள். போனைப் பிடித்திருந்த செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போகலாம் என்று லேடி டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் வேறு டிக்கெட் போட்டிருக்கிறார். மாத்திரை பெட்டியில் இல்லை, கைப்பையில் இருக்கிறது. நீங்களும் அப்படியே வையுங்கள். அந்த ஊர் மலேரியாவுக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஊசி அட்டை எத்தனை வருடம் செல்லும் என்று லேடி டாக்டரிடம் கேட்டேன். ஆயுசுக்கும் என்றார். இந்த வயதில் ஆயுசுக்கும் என்று யாரும் எனக்கு எதையும் கொடுத்ததில்லை. முன்பெல்லாம் உடம்பு தன் பாட்டுக்குக் கிடக்கும், நான் என் பாட்டுக்கு நடப்பேன். இப்போது தாகம் எடுத்தால் நடையை நிறுத்தி, இது எந்தத் தாகம் என்று யோசிக்கிறேன். அந்தச் சிறு நேரம் முன்பு என்னிடம் இல்லாதது.

"நிலா, மொதல்லேர்ந்து படி."

"நீ உக்காரு ஆயா, அப்பதான் படிப்பேன்."

"நான் நடந்துகினே கேக்குறேன், நீ நிறுத்தாத. மாத்திரைய நிறுத்துன எடம் வரும்போது மட்டும் சத்தமா படி. உங்கம்மா அடுப்பாண்ட இருக்கா, அவளுக்குக் கேக்கட்டும்."