எங்களை வெளியே உட்கார வைத்தவள்

செய்தி அவளுடைய எண்ணிலிருந்தே வந்தது. நம் கல்லூரி ஆசிரியர்களின் இணையவழி வகுப்புப் பயிற்சிக்காக முத்துப்பேச்சி தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் காலை எட்டு மணிக்கு அவள் பெயரைப் பார்த்தேன். 'பாடக் காணொளியை ஏற்றாதவர்கள் இன்றே ஏற்றவும்' என்று வழக்கம்போல விரட்டியிருப்பாள் என்று நினைத்துத் திறக்கவில்லை. இரண்டு பாடவேளை முடித்துவிட்டுத்தான் படித்தேன். "நான் அவங்க வீட்டுக்காரர். முத்துப்பேச்சி இன்னைக்கு விடியக்காலைல தவறிட்டாங்க." அதற்குள் உங்களில் பலர் கீழே கும்பிடும் கைகளைப் போட்டிருந்தீர்கள்.

நான் விலங்கியல் துறையில் தலை நரைத்தவள். அவள் கணினித் துறை, என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். மரியாதைக்காக 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரைப் பற்றியோ எழுதுவதுபோல் இருந்தது. அவள் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களில் பாதிப் பேர் வகுப்பறையிலும் பாதிப் பேர் வீட்டிலுமாகப் பாடம் கேட்கும் முறை நம் கல்லூரிக்கு வந்தபோது, ஆசிரியர்களைப் பழக்கும் வேலையை அவள் தலையில் கட்டினார்கள். முதல் நாளே எங்களில் பாதிப் பேரைக் கைப்பேசியோடு வேப்பமரத்தடிக்குப் போகச் சொன்னாள். "இருபத்தெட்டு வருசமா பிள்ளைகள வெளிய அனுப்புனவ நான். என்னையவே அனுப்புறியா?" என்றேன். "சும்மா போயிட்டு வாங்க மேடம், அம்புட்டுத்தான்" என்றாள். மரத்தடியில் உட்கார்ந்து கைப்பேசித் திரையில் அவள் முதுகைப் பார்த்தோம். உள்ளே என்னவோ சொல்கிறாள், சிரிக்கிறார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அரை மணி நேரம் கழித்து உள்ளே போய்ச் சண்டை பிடித்தவள் நான்தான்.

"வேணும்னுதான் செஞ்சேன் மேடம்" என்றாள். "வீட்ல உக்காந்திருக்கிற பிள்ளைக்குத் தெனமும் இப்படித்தான் இருக்கு. அது உங்கள மாதிரி வந்து சண்டை போடாது. பேசாம போன வச்சிட்டுப் போயிரும்." சண்டையை அங்கேயே விட்டுவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு அபூர்வம் என்றும் தெரியும்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் என் பக்கத்தில் உட்கார்ந்து என் பாடக் காணொளிகளை வெட்டிச் சுருக்கினாள். "அமீபாவுக்கே இம்புட்டு நேரம் எடுத்தா மனுசன் எப்ப மேடம் வருவான்?" என்பாள். எரிச்சலாக வரும். ஆனால் வெட்டிய பிறகு பாடம் நன்றாக இருக்கும், அதுதான் இன்னும் எரிச்சல். இன்னொன்றும் விடாமல் சொல்லுவாள்: "எங்க ஊரு எழுமலைல சிக்னலுக்காக மொட்டமாடி வெயில்ல நிக்கிற பிள்ள இருக்கு. ஒருதடவ பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, அது போதும் அதுக்கு." பரவையில் என் வீட்டில் நான் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிட்டுச் சாப்பிட்டாச்சா என்று கேட்டதும் அவள் ஒருத்திதான்.

நோய் வந்து பழங்காநத்தம் வீட்டோடு முடங்கிய பிறகு ஒருநாள் பேசினாள். "வீட்லயே கெடக்க முடியல மேடம். லிங்க் அனுப்புங்க, உங்க கிளாஸ்ல வந்து ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன்." அனுப்பினேன். அன்றைக்கு, அறுந்து விழுந்த பல்லி வால் ஏன் துடிக்கிறது என்று முன்பெஞ்சில் ஒருத்தி கேட்கப்போய் வகுப்பே கலகலத்துவிட்டது. எனக்கும் உற்சாகம். மணி அடித்து, திரையில் வகுப்பை முடிக்கும் பொத்தானை அழுத்தும்போதுதான் அவள் பெயருக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் கைப் படத்தைப் பார்த்தேன். ஏதோ கேட்பதற்காகக் கை தூக்கியிருக்கிறாள். அதற்குள் அழுத்திவிட்டேன்.

முடிக்கிற நேரத்தில்தான் தூக்கியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் கூப்பிட்டு, "என்னம்மா கேக்க வந்த?" என்றேன். "மறந்துபோச்சு மேடம். பாடம் நல்லா இருந்துச்சு" என்றாள். பிறகு அவள் என் வகுப்புக்கு வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். நாற்பது நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்விட்டு வந்து, அந்த வகுப்பின் பதிவைப் போட்டுப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். பன்னிரண்டாவது நிமிடத்தில் அவள் கை தூக்குகிறாள். நான் பலகையில் பல்லி வரைகிறேன். முன்பெஞ்சுக்காரியோடு சிரிக்கிறேன். திரையில் பதினெட்டுப் பெயர்கள் இருக்கின்றன, ஒரு பெயரைக்கூட நான் கூப்பிடவில்லை. எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

பருவம் முடிந்ததும் பதிவுகளை அழித்துவிடுவார்கள். இதை மட்டும் எடுத்து என்னிடம் வைத்துக்கொண்டேன். அவள் நினைவாக என்னிடம் இருப்பது இந்த ஒரு மணி நேரம்தான். அதன் கடைசியில் நான் கையைத் தட்டிச் சாக்பீஸ் தூளை உதறிக்கொண்டு பெஞ்சுகளைப் பார்த்துக் கேட்கிறேன், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" பெஞ்சுகளில் புத்தகத்தை மூடுகிறார்கள். "யாருக்கும் இல்ல. சரி, முடிச்சுக்குவோம்" என்கிறேன். முத்துப்பேச்சியின் கை அப்போதும் இறங்கவில்லை.