ரீச்சரின் முகத்துப் பரு

எனக்கும் உடுவில் ரீச்சருக்கும் ஒரே வருத்தம், நுரையீரலில் புற்று. கிளினிக் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பழகினோம். அவர் சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரர், நான் சைவம். இரண்டு பேரின் கட்டியிலும் சிறு துண்டெடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கட்டியின் கலங்களில் மாறிப்போன ஒரு புரதம் இருந்தால், அதைக் குறிவைத்துக் கொல்லும் குளிசை இருக்கிறதாம். நல்ல கலங்களை அநேகமாக விட்டுவிடுமாம். இல்லாதவர்களுக்கு ஊசிதான். அது நல்லது கெட்டது பார்க்காது.

வெள்ளிக்கிழமைகளில் அம்மன் வாசலில் நின்று, "தாயே, அந்தப் புரதம் என்ரை கட்டியிலை இருக்கவேணும்" என்று கேட்டேன். பொங்கலும் நேர்ந்தேன்.

முடிவு வந்தது. ரீச்சருக்கு இருந்தது. எனக்கு இல்லை.

ஊசி தொடங்கத் தலைமயிர் கொட்டிவிட்டது. வாயெல்லாம் புண்ணாகி, கோயில் பஞ்சாமிர்தமே எரிந்தது. ரீச்சரோ வீட்டிலிருந்து குளிசையை விழுங்கிவிட்டு, கொண்டையும் குடையுமாகக் கிளினிக்குக்கு வருவார். ஒரு நாளாவது விரதம் பிடித்திருப்பாரோ தெரியாது. எனக்கு வயிறு எரிந்தது.

ஒருமுறை அவர் முகம் முழுக்கச் சிவந்த பருக்கள். உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

"என்ன ரீச்சர், குமர்ப்பிள்ளை மாதிரிப் பரு போட்டிருக்கு?"

"குளிசையின்ரை வேலை, பிள்ளை. பரு வந்தால் மருந்து பிடிக்குது எண்டு டொக்டர் சொல்லுறார்."

அதற்குப் பிறகு அந்தப் பருக்களிலும் எனக்குப் பொறாமை.

குளிசை உள்ள இன்னொரு புரதமும் இருக்கிறது, உங்கள் கட்டியில் அதையும் தேடிப் பார்ப்போம் என்று டொக்டர் எனக்குச் சொன்னார். ரீச்சர் என் கையைப் பிடித்தார்.

"அதின்ரை பேரைச் சொல்லும் பிள்ளை, ஜெபத்திலை வைக்கிறன்."

"ஏன், உங்கடை ஆண்டவருக்குப் பேர் தெரியாதோ?"

"அவருக்குத் தெரியும். எனக்கெல்லோ தெரியாது!"

இரண்டு பேரும் சிரித்தோம். நான் அம்மனிடம் திரும்பவும் போனேன். இரண்டு பக்கத்தாலும் கேட்டால் கிடைக்காமலா போகும் என்று நம்பினேன்.

அதுவும் இல்லையென்று வந்தது. வாங்கிலிருந்தபடியே ரீச்சர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

"அழாதேங்கோ ரீச்சர். பருவிலை கண்ணீர் பட்டால் எரியும்."

அதைச் சொல்லும்போதும் அந்தப் பருக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசிக்கு என் பேரைக் கூப்பிட்டார்கள். எழும்பும்போது கன்னத்தைத் தடவினேன், மழமழவென்று இருந்தது. ஒரேயொரு பரு தந்தால் உனக்கென்ன குறைந்துபோகும் தாயே என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனேன்.