நானூற்றுப் பதினேழாம் தந்தி

ஈனிட் ட்ரெகியர் தந்தியை நம்புவாள். தந்தியைக் கையில் வைத்திருப்பவர்களை நம்பமாட்டாள். 1941 மே மாதத்தில் ஒரு வாரம் அவளுடைய சந்தேகம் முழுக்க ஆட்ரி பின்னக்கின் மேல் விழுந்தது. காரணம், இரண்டு கரண்டி சர்க்கரை.

இருவருக்கும் வேலை லண்டனில், ராணுவ அலுவலகம் ஒன்றின் நிலவறையில். கெய்ரோவிலிருக்கும் தளபதி லண்டன் தளபதிக்கு அனுப்பும் தந்திகள் வெறும் எண்களாக வந்து விழும். ஆட்ரி அவற்றிலிருந்து ரகசியச் சாவி எண்களைக் கழித்துக் கொடுப்பாள். ஈனிட் குறியீட்டுப் புத்தகத்தைப் பார்த்து வார்த்தைகளாக்குவாள். அதோடு முடியாது. வந்த வாசகத்தை அப்படியே வைத்தால் எதிரி ஒப்பிட்டுப் பார்த்துக் குறியீட்டை உடைத்துவிடுவான் என்று, சொற்களை மாற்றித் திரும்ப எழுத வேண்டும். சொல் மாறலாம், பொருளில் எள்ளளவும் கூடவோ குறையவோ கூடாது. எழுதியதில் ஒரு நகல் மேல்மாடிக்கு, ஒன்று கோப்புக்கு. கோப்பு ஈனிட்டின் பொறுப்பு. பதினான்கு மாதத்தில் ஒரு எண் விட்டுப்போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்றும் அந்த அறையில் இருந்தது. சர்க்கரை ரேஷன் அல்லவா, அவரவர் சர்க்கரை அவரவர் டப்பாவில், மூடியில் பெயர் ஒட்டி. அடுத்தவள் புருஷனைத் தொட்டாலும் மன்னிப்பு உண்டு, டப்பாவைத் தொட்டால் கிடையாது.

திங்கட்கிழமை மாலை ஈனிட் கோப்பை அடுக்கினாள். 416. அடுத்தது 418.

"மிஸ் பின்னக், நானூத்திப் பதினேழு எங்க?"

ஆட்ரி தலையைத் தூக்கவில்லை. "கெய்ரோக்காரங்க நம்பரை விட்டிருப்பாங்க கண்ணு. வெயில்ல அவங்களுக்கு எண்ணவே வராது."

பாப்ளர் பேட்டைக்காரி, யாரைப் பார்த்தாலும் கண்ணு என்பாள். ஈனிட் சிரித்து வைத்தாள். ஆட்ரி கழிப்பறைக்குப் போனதும் வரவுப் பதிவேட்டைப் புரட்டினாள். 417, ஞாயிறு காலை 10.40. ஆட்ரியின் கையெழுத்து. அந்த நேரத்தில் ஈனிட் ஜெபக்கூடத்தில் பாடிக்கொண்டிருந்தாள்; முழு வேலையும் ஆட்ரி ஒருத்திதான். ஆக, தந்தி வந்திருக்கிறது; வந்ததை இவள் விழுங்கியிருக்கிறாள்.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேவு பார்த்தாள் என்று சொன்னால் ஒரு பெண் சிறைக்குப் போவாள், அதற்கு மேலும் நடக்கும். கொஞ்சம் பார்ப்போம் என்றிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை டீ வந்தது. ஆட்ரி தன் டப்பாவைத் திறந்து, கேட்காமலே, ஈனிட்டின் கோப்பையில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினாள். அறையிலிருந்த மற்றப் பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன இது?"

"எனக்குப் பல் வலி. நீங்களாவது சாப்பிடுங்க."

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? ஈனிட் குடித்தாள், கண்ணை எடுக்கவில்லை. டப்பாவை ஆட்ரி அலமாரியில் வைக்கவில்லை, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். சர்க்கரைக்குப் பூட்டு! பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "டென்சில்கிட்டருந்து கடிதாசி ஏதாச்சும் வந்துச்சா?"

டென்சில் ஈனிட்டின் ஒரே மகன், இருபத்துமூன்று வயது. கெய்ரோ தளபதியின் பொறுப்பிலிருந்த ஒரு தீவில், பாஸ்கோ என்ற கர்னலின் கீழ் இருந்தான். தீவு கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு இரவும் கப்பல்கள் வந்து ஆட்களை ஏற்றின. எந்தத் தந்தி வந்தாலும் 'பாஸ்கோ படை' என்ற பெயர் இருக்கிறதா என்றுதான் அவள் கண் முதலில் தேடும். இப்போது அவளுக்கு எல்லாம் கோர்வையாகத் தெரிந்தது. காணாமல் போன தந்தியில் கப்பல் வரும் வழி இருக்கும். இவள் அதை விற்றிருப்பாள். கப்பல் மூழ்கும், டென்சிலும்.

"என் பையனைப் பத்தி உனக்கெதுக்கு?"

"சும்மாத்தான். வந்தா சொல்லுங்க."

புதன்கிழமையும் கேட்டாள். அன்றும் இரண்டு கரண்டி. ஈனிட் உள்ளே வரும்போது மற்றப் பெண்களின் பேச்சு பாதியில் நின்றது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் என்று ஈனிட் தீர்மானித்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற இன்னொரு பழமொழியும் இருக்கிறது. தாய்க்கு அந்த வாரம் அது நினைவுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை காலை மேஜர் விதர்ஸிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பிரிவுக்கு அவர்தான் அதிகாரி; பெண்களைக் கடிந்து பேச வராத மனிதர். கேட்டுவிட்டு நெடுநேரம் புகைக்குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி வந்தார்.

"மிஸ் பின்னக், தொந்தரவுக்கு மன்னிக்கணும். அந்த இழுப்பறையைக் கொஞ்சம் திறக்கறீங்களா?"

ஆட்ரி திறந்தாள். டப்பாவைத் தவிர ஒன்றும் இல்லை. மேஜர் அதன் மூடியில் கை வைக்கக் கூசினார். ஒரு பெண்ணின் சர்க்கரை டப்பா. ஈனிட்தான் பிடுங்கி, மேசைமேல் கவிழ்த்தாள். சர்க்கரை கொட்டியது, அடியிலிருந்து நான்காக மடித்த தாள் விழுந்தது.

"படிக்காதீங்க," என்றாள் ஆட்ரி. "மேஜர், அவங்களைப் படிக்க விடாதீங்க. தயவு பண்ணி."

"கோப்பு என்னுது. நான்தான் படிக்கணும்." ஈனிட் தாளைப் பிரித்தாள்.

417. மிக ரகசியம். மற்றவர்கள் கடற்கரை சேரும்வரை மலைப்பாதையை மறித்து நிற்கும்படி பாஸ்கோ படைக்குக் கட்டளையிட்டிருக்கிறேன். அவர்களை ஏற்றக் கப்பல் அனுப்புவதற்கில்லை. அதன் பின் செய்வதை பாஸ்கோவின் முடிவுக்கு விட்டிருக்கிறேன். வருந்துகிறேன்.

ஈனிட் இரண்டாம் முறையும் படித்தாள்.

பதினான்கு மாதத்தில் ஒரே ஒருமுறை, குண்டுவீச்சுக்கு ஒதுங்கியிருந்த நேரத்தில், ஆட்ரியிடம் அவள் ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தாள். 1917-இல் பென்சான்ஸ் தபால் நிலையத்தில் தந்திக் கருவியில் உட்கார்ந்திருந்தாள், டென்சில் வயிற்றில். கருவி தட்டத் தட்ட எழுதிக்கொண்டே போனாள். கடற்படை, வருத்தத்துடன், ஜாகோ ட்ரெகியர். அவள் கணவன். விதிப்படி முழுவதையும் திருப்பித் தட்டிச் சரிபார்த்தாள். உறையில் தன் பெயரைத் தானே எழுதி, தானே கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டாள். "ஒரு நாய்க்குக்கூட அப்படி வரக் கூடாது மிஸ் பின்னக்," என்று சொல்லியிருந்தாள்.

"வீட்டுக்குக் கடிதாசி வந்ததும் கோப்புல வெச்சிரலாம்னு இருந்தேன்," என்றாள் ஆட்ரி. அழுதுகொண்டிருந்தாள். "எரிக்க மனசு வரல. வெளிய கொண்டுபோகவும் இல்ல, சத்தியமா."

மேஜர் தொண்டையைச் செருமினார். "மிசஸ் ட்ரெகியர், காணாமப் போன தந்தி இதுதானா? நீங்க சொல்லணும். சொன்னா, நான் மேலே எழுதியாகணும்."

ஈனிட் தாளிலிருந்த சர்க்கரையை ஊதினாள். கோப்பைத் திறந்து, 416-க்கும் 418-க்கும் நடுவில் செருகினாள்.

"காணாமப் போகவே இல்ல சார். இதோ இருக்கு. நான்தான் சரியாப் பார்க்காம விட்டுட்டேன். என் தப்பு."

மேஜர் மேசையில் கொட்டிக் கிடந்த சர்க்கரையைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். மேல்மாடி நகலை அவர் ஞாயிற்றுக்கிழமையே படித்திருந்தார்.

"அப்படியா. எல்லாருக்கும் நடக்கறதுதான்," என்றார். "டீ குடிங்க. ஆறிடும்." டீ அதுவரை வரவே இல்லை. படியேறிப் போய்விட்டார்.

ஆட்ரி சர்க்கரையை இரு கையாலும் குவித்து டப்பாவில் அள்ளினாள். ஈனிட் உட்கார்ந்தாள்.

"ஆட்ரி." முதல்முறையாக அந்தப் பெயரைச் சொன்னாள். "இதை மாத்தி எழுதினது நீதானே?"

"ஆமா."

"கடைசி வார்த்தை கெய்ரோ அனுப்பினதா?"

ஆட்ரி அள்ளுவதை நிறுத்தினாள்.

"பதினாலு மாசமா அந்தத் தளபதிங்க பேசிக்கறதைப் படிச்சுட்டு வரேன். ஒருத்தரும் ஒருத்தர்கிட்டயும் வருந்தினதில்ல."

"நான்தான் போட்டேன்," என்றாள் ஆட்ரி.

ஈனிட் பென்சிலை எடுத்துக் கோப்பைத் திறந்தாள். எண்ணையும் தேதியையும் சரிபார்த்தாள். விதிப்படி அந்தச் சொல்லை அடித்திருக்க வேண்டும். அடிக்காமல், கீழே தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டுக் கோப்பை மூடினாள்.