வாக்குக் கேட்காத சனிக்கிழமை

இரும்புத் தட்டில் வெங்காயம் கருகத் தொடங்கும் வாசம். பரமட்டாவில் எந்த முடுக்கில் அது மூக்கில் ஏறினாலும் எனக்குப் பசி வருவதில்லை, நினைவில் மச்சான் வருகிறார்.

மனைவியின் தமையன். கனடாவில் மாகாணச் சட்டமன்றத்துக்கு இரண்டு முறை வென்று, மூன்றாம் முறை தோற்று, தோற்ற கையோடு நெஞ்சுக்குள் அடைத்த குழாய்க்கு ஒரு ஸ்டென்ட்டும் வைத்துக்கொண்டு, ஓய்வெடுக்க நார்த்மீட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கட்சி மறுபடி நிற்கக் கேட்டிருந்தது; திரும்பிப் போவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இன்னொரு தேர்தலை அண்ணனின் நெஞ்சு தாங்காதென்று இவள் பயந்தாள். அரசியல் வாடையே அவரை அண்டாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நானோ மாநிலத் தேர்தல் நடந்த சனிக்கிழமை வாக்களிக்கப் போகையில் அவரையும் காரில் ஏற்றிக்கொண்டேன். வேண்டுமென்றேதான் என்கிறாள் இவள். இல்லையென்று நான் இன்றுவரை சத்தியம் செய்ததில்லை.

வாக்குச்சாவடியான பள்ளிக்கூட வாசலில், வெங்காயமும் சொசேஜும் வாட்டி விற்கும் தட்டைத் தாண்டி நீண்ட வரிசையைக் கண்டதும் மச்சான் நின்றுவிட்டார்.

"இவ்வளவு சனத்தையும் ஆர் ஏத்திக்கொண்டு வந்தது?"

ஒருவரும் இல்லை, இங்கே வாக்குப் போடாவிட்டால் அபராதம் என்றேன். அவர் முகம் சுண்டியது. பனிக்குள் கதவு கதவாகத் தட்டி, வயதானவர்களுக்குச் சப்பாத்து மாட்டிவிட்டு, வான் வண்டியில் அள்ளிக்கொண்டுபோய் இறக்கியே வென்ற மனிதர். தானாக நடந்து வந்து, பாணுக்குள் சொசேஜ் வைத்துத் தின்றபடி நிற்கும் வாக்காளர்கள் அவர் தொழிலையே அவமதிப்பதுபோல் இருந்திருக்க வேண்டும்.

கார்ச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனது என் அடுத்த பிழை. வெளியே வந்தால் காரும் இல்லை, மச்சானும் இல்லை. அரைமணி கழித்து வந்து நின்றார். வீதியின் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர் இங்கே இடப்பக்கமாக எப்படித்தான் போய் வந்தாரோ, கேட்க எனக்குத் தைரியமில்லை. பின்சீற்றில் எங்கள் தெரு அன்ரிமார் மூவர். மூவரும் போன கிழமையே தபாலில் வாக்களித்து முடித்தவர்கள். இவ்வளவு மரியாதையாக ஒருவர் கதவைத் தட்டிக் கூப்பிடும்போது மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லையாம். சேலை மாற்றிக்கொண்டு ஏறிவிட்டார்கள்.

மூத்த அன்ரி சொசேஜை ஒரு கடி கடித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நீங்கள் எந்தக் கட்சி?"

மச்சான் கார்ச் சாவியை என்னிடம் நீட்டினார். "ஒரு கட்சியும் இல்லை, அன்ரி."

"பிறகேன் இந்தப் பாடு?"

"சும்மா."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. எதையும் கேட்காமல் ஒரு கதவைத் தட்டி எத்தனை வருஷம் என்று, திரும்பும் வழியெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

விமான நிலையத்தில் இவள் அவர் கைப்பையைப் பிடித்தபடி விடவில்லை.

"அண்ணை, திரும்ப நிப்பீங்களோ?"

"சனம் கேட்டால்..."

"சனம் கிடக்கட்டும். நான் கேக்கிறன்."

பையை மெல்ல இழுத்துக்கொண்டார். "மாட்டன் எண்டு கட்சிக்கு நேற்றே சொல்லிப்போட்டன். இனி நீ அழுதால் முடிவை மாத்திப்போடுவன். போட்டு வாறன்."