கொசுவுக்குப் பசிக்குதாம்

பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் எனக்கு விழக் கற்றுக்கொடுத்தார்கள். அடிபடாமல், சத்தம் கேட்கும்படி, பார்க்கிறவர் பதறும்படி விழ வேண்டும். அதற்கே ஒரு பருவம் முழுக்கப் போனது. எங்கள் தோட்டத்தில் சம்பளத்துக்கு மறுநாள் இதைப் பயிற்சியே இல்லாமல் செய்கிறவர்கள் உண்டு என்று விரிவுரையாளரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. போய் அவர்களைக் கவனி என்றார்.

விழாத நேரத்தில் மூச்சு விட்டோம். வயிற்றிலிருந்து மூச்சை எடுத்துக் குரலைக் கடைசி வரிசைக்கு அனுப்ப வேண்டும். பிறகு ஒரு விலங்கைக் கவனித்து அதுவாகவே மாறும் பயிற்சி வந்தது. மற்றவர்கள் புலி, கழுகு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த மாட்டை எடுத்தேன். பாடவேளை முழுக்க அசைபோட்டேன். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். பெருமை தாங்காமல் வீட்டுக்குப் போன் அடித்தேன்.

"மாடு மாரி நிக்கிறதுக்கு யுனிவர்சிட்டியாடா?" என்றார் அப்பா. "இத முடிச்சா என்னா வேல?"

"நடிக்கிற வேலப்பா."

"அதான்டா, யாரு குடுப்பா?"

அந்தக் கேள்வி எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

அப்பா கோலா கிளாவாங் பக்கத்து மலையில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். ஆட்களை வேலைக்கு இறக்கி, மேய்த்து, மறுபடி ஏற்றுவது அவர் பிழைப்பு. விடுமுறைக்குப் போனால் நான் அங்கே குலை ஏற்றும் லோரி ஓட்டுவேன். லைசன் எடுக்கச் சொன்னவரும் அவர்தான். "கையில ஒன்னு இருக்கட்டும்" என்றார். நான் அதை அவமானமாக எடுத்துக்கொண்டேன். லைசனையும் எடுத்துக்கொண்டேன்.

கடைசிப் பருவத்தில் எல்லோரும் எங்காவது வேலை பழக, பிராக்டிகல் போக வேண்டும். எனக்குக் கிடைத்தது தெமியாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கிய சிறு நாடகக் குழு. அதை நடத்தியவரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். முதல் நாளே சொல்லிவிட்டார்: "கடைசி ஷோ வரைக்கும் பாப்பேன் தம்பி. புடிச்சிருந்தா பெர்மனெண்டா எடுத்துக்கிறேன்." மாதச் சம்பளம் வாங்கும் நடிகன்! எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் அப்படி ஒரு பிராணி இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. முதல் ஆளாக இருந்துவிட வேண்டும் என்று உறுதி எடுத்தேன்.

நாடகம் டிங்கிக் காய்ச்சலைப் பற்றியது. நான் கொசு. "கடிக்கிறது பொம்பள கொசுதான், அதனால சேல கட்டிக்க" என்றார் மாஸ்டர். முதுகில் குடைக்கம்பியால் இறக்கை, முகத்தில் குழாய் மூக்கு. பாத்திரத்தின் உள்நோக்கத்தைத் தேடு என்று துறையில் சொல்லியிருந்தார்கள். தேடினேன். என் கொசு ஒரு தாய். பழைய டின்னில் தேங்கிய நீரில் பிள்ளைகளை விட்டுவிட்டு ரத்தம் தேடி அலைகிறவள். அவளுக்கு ஒரு நீண்ட தனிப்பேச்சு எழுதினேன். மாஸ்டர் கேட்டுவிட்டு, "நீளம்தான். ஆனா அழுவாங்க லா" என்றார்.

கடைசி ஷோ எங்கள் தோட்டத்தில் என்று முடிவானது.

"மாஸ்டர், அங்க இப்ப நம்மாளுங்க நாலே வீடுதான். மத்ததெல்லாம் பங்களாதேஷ் ஆளுங்க. நாடகம் தமிழ்ல இருக்கே" என்றேன்.

"எஸ்டேட்ல தமிழாளு இல்லாமலா? காலேஜுக்குப் போயிட்டா ஊரே மறந்துருமா ஒனக்கு?"

அவர் பிறந்து வளர்ந்தது சிரம்பான் டவுனில்.

அன்று காலை குழுவின் டிரைவர் வரவில்லை. சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாராம். மேடைச் சாமானும் ஆட்களும் லோரியில் காத்திருக்க, சேலையும் உதட்டுச்சாயமுமாக நானே ஸ்டியரிங்கைப் பிடித்தேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற மோட்டார்க்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து வண்டியோடு சாய்ந்தார். பாவம், அவருக்கு விழும் பயிற்சி கிடையாது. மலை ஏறியதும் வளைவுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனேன். மாஸ்டர் குறட்டை விட்டார்.

திடல் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வங்காளதேசத்துப் பையன்கள், குளித்து, தலைசீவி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு. அப்பா முன்னால் நின்றார், வேலைக்கு ஆள் பிரிக்கிறவரைப் போல. என் தாய்க்கொசு வந்தாள். பேசினாள். கண்ணீர் விட்டாள். திடலில் ஒரு சத்தமில்லை. நல்ல நடிப்புக்குக் கிடைக்கும் என்று விரிவுரையாளர் புகழ்ந்த மௌனமல்ல இது, புரியாத மௌனம்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, வேலைக்காட்டில் கத்தும் குரலில் மலாயில் சொன்னார்: "டியா காத்தா லாப்பார்!"

பசிக்குதாம். என் தனிப்பேச்சு மொத்தமும் அவ்வளவுதான். திடல் வெடித்துச் சிரித்தது.

நான் விடவில்லை. நீரில் நெளியும் பிள்ளைகளைப் பற்றி உருகினேன். "டியா அடா அனாக்!" பிள்ள இருக்காம். ரத்தத்துக்காகக் கையேந்தினேன். "டியா மாவு டாரா!" ரத்தம் வேணுமாம். கைதட்டல் அப்பாவுக்கு.

கடைசியில் மருந்துப் புகையில் செத்தேன். ஒரு பருவம் முழுக்கப் படித்த சாவு; சுழன்று, மெல்ல, கடைசி வரிசை பதறும்படி. அப்பா குனிந்து பார்த்தார். "சுடா மாத்தி. ஹாபிஸ். பாலேக், பாலேக்!" செத்துப்போச்சு, முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்க. மண்டோர் சொன்னால் மறுபேச்சு ஏது? எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். டாக்டராக நடிக்க வேண்டியவர் ஸ்டெதஸ்கோப்போடு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

நான் புல்லில் கிடந்தபடியே இருந்தேன். மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, அடுத்த மாசத்துலேர்ந்து வந்துரு."

குழாய் மூக்கோடு எழுந்து உட்கார்ந்தேன்.

"இந்த மலையில ஒருத்தரும் வாந்தி எடுக்காம வந்தது இன்னிக்குத்தான். டிரைவரா வந்துரு."

"நடிப்பு, மாஸ்டர்?"

அவர் என்னைத் தூக்கி நிறுத்தி, என் சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டார். கோபமோ கிண்டலோ இல்லை அவர் முகத்தில். "நடிக்க வருசா வருசம் பிராக்டிகல் பசங்க சும்மாவே வராங்க தம்பி. ஓட்டத்தான் ஆளு கெடைக்கல."

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இபிஎப் வெட்டுவீங்களா சார்?" சேமநிதிக்குப் பணம் வெட்டுவார்களாம். அப்பா என் இறக்கையைத் தட்டிக்கொடுத்தார்.

இன்றும் ஓட்டுகிறேன். வருடா வருடம் துறையிலிருந்து புதுக் கொசு வருகிறது. பின்னால் உட்கார்ந்து வயிற்றிலிருந்து மூச்சு எடுக்கிறார்கள். நான் கண்ணாடியில் பார்ப்பதோடு சரி. முகத்தில் ஓர் ஆசை தெரியும். எனக்கு வளைவு பார்க்க வேண்டியிருக்கும்.

போன மாதம் விரிவுரையாளர் போன் செய்தார். என்னோடு படித்தவர்கள் காப்புறுதி விற்கிறார்கள், பார்சல் கொடுக்கிறார்கள். நாடகத்திலேயே சம்பளம் வாங்குகிறவன் நான் ஒருவன்தானாம். புது மாணவர்களிடம் வந்து பேச வேண்டும் என்றார். போனேன். இப்போது என்ன பாத்திரம் செய்கிறீர்கள் என்று முதல் வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள். வயிற்றிலிருந்து மூச்சை எடுத்தேன். நாடகம் என்பது ஒரு பயணம், மேடைக்கு முன்பே அது தொடங்கிவிடுகிறது, நான் இல்லாமல் எந்தக் காட்சியும் தொடங்குவதில்லை என்றெல்லாம் பேசினேன். அத்தனையும் உண்மை. அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

பேசி முடிக்கும்வரை கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து ஒருவர் எழுந்து, "டியா பாவா லோரி!" லோரி ஓட்டுறானாம் என்று சொல்லி, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ என்று. யாரும் எழவில்லை. கைதட்டினார்கள்.